கண் திறக்கும் முன் தொடாத பணம்

நம் ஓவியர் குழுவில் இவ்வாண்டு சேர்ந்திருப்பவர்களுக்கு வரைவதைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உங்கள் கைகள் என் கையைவிட உறுதியானவை. ஆனால் வரைந்து முடித்த பின் வாடிக்கையாளரிடமிருந்து பணம் பெறும் இடத்தில் நம்மில் பலருடைய கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் எனக்கு நன்கு தெரியும். தை மாதத்தோடு புதிய வேலைகளை ஏற்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியவள் தன் பிழைகளை மறைக்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் பூஜை அறைகளுக்கான தெய்வப் படங்களைத் தங்கரேக்கு ஒட்டி வரைந்தவள். தொடக்கத்தில் கோட்டைக்குள் இருக்கும் எங்கள் அக்ரஹாரத்து உறவினர்களே கேட்டு வாங்கினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளின் நண்பர்கள் என்று கேட்பவர்கள் கடல் கடந்து போனார்கள். “லிங்க் அனுப்புங்கோ மாமி, கார்டில போட்டுடறேன்” என்று ஒருவர் சொன்னபோது, எனக்கு லிங்க் என்றால் என்னவென்றே தெரியாது.

எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் என்னைவிட முப்பது வயது இளையவர். சாலைக் கடைத்தெருவில் பலகையும் சாயமும் விற்கும் திருநெல்வேலிக்காரப் பெண்மணி. நான் பலகை வாங்கும் கடை அவருடையது. ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, என் வங்கிக் கணக்கும் வரி அட்டையும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு பணச் சேவையில் பதிவு செய்து, வெளிநாட்டுக் கார்டுகளுக்குத் தனி அனுமதியும் கேட்டு வாங்கித் தந்தார். தொகையை எழுதும் கட்டத்தில் நான் தயங்கினேன். அவர் சிரித்துவிட்டார்.

“என்ன மாமி, துட்டு கேக்க வெக்கப்பட்டா நான் கடையவே தொறக்க முடியாதே! எழுதுங்க.”

எழுதினேன். அன்றாடம் ஓதும் பதிகங்களில் அடியார்கள் இறைவனிடமே பொன் கேட்டார்கள், நெல் கேட்டார்கள், தராதபோது சண்டையும் பிடித்தார்கள். ஓதிய வாய்க்கு அது உறைத்திருக்கிறது. எழுதும் கைக்கு உறைக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதல் மாதத்திலேயே ஒரு சோதனை வந்தது. பெங்களூருவிலிருந்து ஒருவர், லிங்கைத் திறக்கச் சோம்பல்பட்டு, தம் கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். பின்புறத்து மூன்று இலக்கம் உட்பட எல்லாம் என் போனில். “நீங்களே போட்டு எடுத்துக்கோங்கோ” என்று ஒரு வரி வேறு. அதைக் கண்டவுடன், அடுத்த வீட்டுப் பெட்டகத்தின் சாவி என் மடியில் விழுந்ததுபோல் பதறினேன். படங்களை அழித்துவிட்டு, கார்டை உடனே மாற்றும்படி அவரிடம் சொன்னேன். “ஏன் மாமி, என் கார்டை வெச்சுண்டு வைர மூக்குத்தி வாங்கிடுவேளோ?” என்று கேலி செய்தார். “நான் வாங்க மாட்டேன். என் போன் தொலைஞ்சா எடுக்கறவன் வாங்குவான்” என்றேன். மாற்றினார். வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அவருடைய கார்டு எண்ணை நீங்கள் பார்க்கவோ எழுதவோ கூடாது. அவர் அதைப் பணச் சேவையின் பக்கத்தில் தம் கையாலேயே இட வேண்டும்.

அந்தச் சோதனையில் தேறினேன். தேறாத சோதனை ஒன்று உண்டு. சொல்ல வந்தது அதைத்தான்.

அதற்கு முன் எங்கள் வழக்கத்தை விளக்க வேண்டும். தெய்வப் படத்தில் கருவிழியைக் கடைசியாகத்தான் வரைவோம். நல்ல நேரம் பார்த்து, வாங்கும் குடும்பத்தாரின் பெயர் நட்சத்திரங்களைச் சொல்லி, இரண்டு விழிகளையும் தீட்டுவோம். அதுவே கண் திறப்பு. ஒரு குடும்பத்தின் பெயரில் கண் திறந்த படம் வேறொரு வீட்டுக்குப் போகாது. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் இன்னொன்றும் விதித்திருந்தார்: பலகைக்கும் தங்கத்துக்கும் முன்பணம் வாங்கலாம், கண் திறக்கும் முன் மீதிப் பணத்தைத் தொடக்கூடாது. முடியாத வேலைக்குக் கூலி வாங்குவது அவருக்குப் பாவம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

கார்டுப் பணம் இரண்டு படிகளில் வரும். முதலில் வாடிக்கையாளரின் வங்கி, தொகையை நமக்கென்று ஒதுக்கிவைக்கும். பிறகு ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று நம் பக்கம் உறுதி செய்தால்தான் அது நம்மை நோக்கிப் புறப்படும். பெரும்பாலோர் இந்த இரண்டாம் படி தானாக நடக்கும்படி அமைத்திருப்பார்கள். நான் என் பக்திக்கு ஏற்ப, பொத்தானை நானே அழுத்தும்படி மாற்றிவைத்தேன். வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் போட்டாலும், கண் திறந்த பிறகே ஏற்பேன். இயந்திரத்தையும் ஆசாரத்துக்கு உட்படுத்திவிட்டதாக எனக்குப் பெருமை. ஒதுக்கிய பணம் எத்தனை நாள் காத்திருக்கும் என்று நான் கேட்கவே இல்லை.

செல்வி மஸ்கட்டில் நர்ஸ். பொன்முடி மலையடிவாரத்தில், வித்துராவில், பெற்றோருக்காக ஒரு வீடு கட்டியிருந்தாள். புதுமனை புகுவிழாவுக்குள் மூன்றடி உயரத்தில் வள்ளி தெய்வானையோடு முருகன் வேண்டும் என்று போனில் கேட்டாள். முன்பணம் அனுப்பினாள். ஆறு மாதம் வரைந்தேன். கருவிழி மட்டும் மிஞ்சியபோது, வழக்கம்போல் குடும்பத்தாரின் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எழுதியனுப்பச் சொன்னேன். அவளிடமிருந்து இந்தப் பதில் வந்தது: “கோத்திரம் ஒண்ணும் தெரியாது மாமி. தாத்தா காலத்துல இருந்து நாங்க பொன்முடி எஸ்டேட் லயத்துல இருந்தவங்க. அப்பா இப்பதான் ரிட்டையர் ஆனாங்க.”

லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். கோத்திரம் இல்லாவிட்டாலும் பெயர் சொல்லிச் செய்யலாம் என்று எழுதினேன். அடுத்த அரைமணி நேரத்தில் அவள் மீதிப் பணம் முழுவதையும் கார்டில் செலுத்தினாள். அதற்கு நான் அனுப்பிய ஒற்றை வரி இன்றும் என் போனில் இருக்கிறது: “கண் திறக்கும் வரை உங்கள் பணத்தை நான் தொடமாட்டேன்.”

எழுதியவளுக்கு அது பணிவு. கோத்திரம் தெரியாது என்று சொல்லி அரைமணி நேரம்கூட ஆகாத நிலையில், ஒரு அக்ரஹாரத்துக்காரியிடமிருந்து அதைப் பெற்றவளுக்கு அது என்னவாகத் தெரியும்?

அன்று மாலையே போனை அலமாரியில் வைத்தேன். கண் திறப்புக்கு முந்தைய ஐந்து நாள் போனைத் தொடாமல் பதிகம் ஓதி மனத்தை ஒருமுகப்படுத்துவது என் நியமம். ஒதுக்கிவைத்த பணம் என் கணக்கில் காத்திருக்கும் காலமோ மூன்று நாள்.

ஆறாம் நாள் காலை, அதாவது கண் திறக்க வேண்டிய நாளன்று, போனை எடுத்தேன். பணச் சேவையின் கடிதம் ஒன்று: தொகை ஏற்கப்படாததால் வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அதன் கீழே செல்வியின் மூன்று குரல் செய்திகள்.

முதலாவது: “மாமி, பணம் ரிட்டர்ன்னு மெசேஜ் வந்திருக்கு. என்னாச்சு?”

இரண்டாவது: “மாமி, வரைஞ்சு முடியலையா? நீங்க எடுக்கவே இல்லைன்னு பேங்க்ல சொல்றாங்க.”

மூன்றாவது, ஒரு நாள் இடைவெளிக்குப் பின்: “மாமி, எனக்கு இப்பதான் புரிஞ்சுது. கோத்திரம் இல்லைன்னு நான் எழுதின அன்னைக்கே நீங்க எழுதிட்டீங்க, பணத்தத் தொடமாட்டேன்னு. நான்தான் மக்கு மாதிரி வேற அர்த்தம் எடுத்துக்கிட்டேன். படம் வேண்டாம். அப்பாகிட்டயும் சொல்லியாச்சு. முன்பணம் உங்ககிட்டயே இருக்கட்டும், தங்கத்துக்குச் செலவாச்சுல்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அழைத்தேன்; எடுக்கவில்லை. என் கணவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, மூன்றையும் கேட்டார்.

“ஸ்வாமிக்குக் கண் தெறக்கறது இருக்கட்டும். நீ மொதல்ல மெயிலைத் தெறந்து பாத்திருக்கப்படாதோ?”

“இப்போ அதைச் சொல்லிக் காட்டாதேங்கோ.”

“பின்ன எப்போ சொல்றது? நாளைக்கு அவா கிருஹப்பிரவேசம்.”

சாலைக் கடைப் பெண்மணியைப் போனில் பிடித்தேன். அவர் நிலைமையை ஒரே மூச்சில் புரிந்துகொண்டார். “மாமி, துட்டு இப்ப அந்தப் பிள்ளைகிட்டயும் இல்ல, உங்ககிட்டயும் இல்ல. நடுவழியில நிக்கி. கார்டுல போயி விழ ஒரு வாரம் ஆவும். திரும்பப் போடுன்னு சொன்னா எங்கெருந்து போடும்?” சற்று நிறுத்தினார். “கண்ணு இன்னும் வரையலல்லா? அப்ப அது சரக்குதான். வாங்க ஆளு நான் சொல்லுதேன். எதுக்குப் போட்டு மனசக் கொழப்புதீய?”

கணக்குப்படி அவர் சொன்னது சரி. கண் திறக்காத முருகன் இன்னும் யாருக்கும் உரியவன் அல்லன். வேறு பெயரில் கண் திறந்தால் எனக்கு ஒரு காசு நட்டமில்லை. ஆனால் அப்படிச் செய்தால் செல்வி எடுத்துக்கொண்ட அர்த்தமே என்றென்றும் உண்மையாகிவிடும். ‘எஸ்டேட்டுக்காரர் பணத்தை அக்ரஹாரத்துக் கிழவி தொடவில்லை’ என்று அந்த வீடு நினைவில் வைத்திருக்கும். மறுக்க என்னிடம் ஒரு சான்றும் இருக்காது.

கண் திறப்புக்குக் குறித்த நேரம் பதினொன்றே கால் முதல் பன்னிரண்டு வரை. அதைவிட்டால் அவர்கள் விழாவுக்கு முன் வேறு நேரமில்லை. இங்கேயே கண் திறந்து படத்தை வண்டியில் அனுப்பிவிடலாம் என்றார் கணவர். வேண்டாம் என்றவர்கள் பெயரில் எப்படித் திறப்பது? எட்டரைக்கு வாடகைக் காரில் படத்தைப் போர்வை சுற்றி ஏற்றினோம். வர்ணக் கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே நான் ஒருபோதும் கண் திறந்ததில்லை. நெடுமங்காடு தாண்டும்வரை பதிகம் சொல்ல முயன்றேன். இரண்டாம் அடி வரவில்லை.

வித்துரா வீட்டு வாசலில் வாழை மரம் கட்டியாகிவிட்டது. ஏணியில் நின்று மாவிலை கட்டிக்கொண்டிருந்தவர் செல்வியின் தகப்பனார். கார் டிக்கியில் போர்வை சுற்றிய பலகையைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. இறங்க அவசரப்படவில்லை.

“எதுக்கம்மா இவ்வளவு தூரம் மெனக்கெட்டீங்க? மகள் வேண்டாம்னு சொல்லியாச்சல்லோ.”

“தப்பு என்னுடையது. நேரில சொல்லத்தான் வந்தேன்.”

உள்ளே அழைத்தார். பூஜை அறையில், என் படத்துக்கு நான் அளவு சொல்லியிருந்த இடத்தில், கடையில் வாங்கிய அச்சுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. இரண்டடிதான், சுற்றிலும் சுவர் வெறுமையாகத் தெரிந்தது. கூடத்தில் உட்கார்ந்து, பணம் ஒதுக்கப்படுவது, ஏற்கப்படுவது, மூன்று நாள் கெடு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

“எனக்கு மெஷின் காரியம் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கட்டா? என் மக பணத்தத் தொடமாட்டேன்னு எழுதினது மெஷினா, நீங்களா?”

“நான்தான்.”

“எல்லாருக்கும் இதே மாதிரி எழுதுவீங்களோ?”

போனைத் திறந்து வேறு வாடிக்கையாளருக்கு எழுதியதைக் காட்டினால் தீர்ந்தது என்று என் கணவர் கண்ணால் ஜாடை காட்டினார். காட்ட ஒன்றுமில்லை. மற்றவர்கள் எல்லோரும் இந்த வழக்கத்தை அறிந்த வீட்டார்; யாருக்கும் நான் எழுத நேர்ந்ததில்லை. “வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எழுதினது உங்க பொண்ணுக்கு மட்டும்தான்” என்றேன். பொய்யின்றி அதற்குமேல் சொல்ல வழியில்லை.

“ம்” என்றார். செல்வியின் தாயார் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து ஐம்பதுக்குச் செல்வி தகப்பனாரின் போனில் முகம் காட்டி அழைத்தாள். இரவு வேலை நீண்டு, சீருடையோடு ஆஸ்பத்திரிப் பேருந்தில் குடியிருப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் போனை என் கையில் கொடுத்தார்.

“மாமி, அப்பாவ எதுக்கு சங்கடப்படுத்துறீங்க?”

“செல்வி, நான் எழுதினது தப்பு. என் வழக்கம் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு தோணலை. உனக்கு என்ன அர்த்தம் ஆகும்னு யோசிக்கலை.” நேரம் உறுத்திக்கொண்டிருந்தது. பரிகாரம் செய்யும் வேகத்தில் அடுத்த பிழையையும் செய்தேன். “பணம் கெடக்கட்டும். வரும்போது வரட்டும். இப்பவே கண் தெறந்துடறேன்.”

“வேண்டாம் மாமி.”

“ஏன்?”

“ஓசிக்கு வேண்டாம். நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க, அக்ரஹாரத்து மாமி பாவம் பாத்துக் குடுத்ததான்னு. முதல்ல பணத்த எடுங்க. எடுத்துட்டு அப்புறமா கண்ண வரைங்க.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நாற்பது ஆண்டு வழக்கத்தை அவள் அப்படியே திருப்பி வைத்துவிட்டாள். கூலியை மறுப்பது பக்தி என்று நான் நினைத்திருந்தேன். ஒருவர் உழைத்துச் சம்பாதித்துத் தரும் பணத்தை உடனே, முகம் பார்த்துப் பெற்றுக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை என்பது எனக்கு எந்த நியமத்திலும் கிடைக்காத பாடம். இளையவர்களே, உங்கள் தயக்கத்துக்கும் நீங்கள் நல்ல பெயர் ஏதாவது வைத்திருப்பீர்கள். எதிரில் இருப்பவர் அதை என்ன பெயரில் பெறுகிறார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

“உன் பணந்தான் இன்னும் கார்டுக்குத் திரும்பி வரலையே.”

“கார்டுல இப்ப நாலாயிரம் ரூபா வரைக்கும் மிச்சம் இருக்கும். அதுக்கு ஒரு லிங்க் போடுங்க. பாக்கி, ரிட்டர்ன் வந்த உடனே போடறேன்.”

போட்டேன். ‘முருகன் படம், மீதித் தொகையில் முதல் பகுதி’ என்று தெளிவாக எழுதினேன். பணம் செலுத்துவதற்காக அவள் அழைப்பைத் துண்டித்தாள். வித்துராவில் என் போனுக்கு ஒரு கோடுதான் சிக்னல். பதினொன்றே கால் கடந்தது. போர்வையைப் பிரித்துப் படத்தைச் சுவரில் சாய்த்தோம். விழியில்லாத மூன்று முகங்கள் எங்களைப் பாராமல் பார்த்தன. பதினொன்றரை. வங்கியின் ஓ.டி.பி. எண் வரவில்லை என்று தகப்பனாரின் போனுக்குச் செய்தி. மீண்டும் முயல்கிறேன் என்று இன்னொன்று.

“பதினொண்ணே முக்கால்” என்றார் என் கணவர்.

“தெரியும்.”

“தெரியும்னு தெரியும். சொல்லி வெச்சேன்.”

போனை உயரப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடந்தேன். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு அது அதிர்ந்தது. தொகை ஒதுக்கப்பட்டது. கீழே அந்தப் பொத்தான். கண் திறக்காத தெய்வத்தின் முன்னால் நின்றுகொண்டு அதை அழுத்தினேன்.

தகப்பனார் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“காட்டுங்க.”

காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அறைக்குள் போய், அச்சுப் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, துண்டால் துடைத்து, அலமாரியில் வைத்தார்.

“அப்ப வரைங்கம்மா.”

கோத்திரம் இல்லாமல், அவர்கள் மூவரின் பெயரைச் சொல்லி, முருகனுக்கு முதலில் வலக்கண், பிறகு இடக்கண். அதேபோல் வள்ளிக்கு, தெய்வானைக்கு. கை நடுங்கவில்லை. முடித்ததும், முதல் பார்வை வீட்டார் மேல் விழ வேண்டும் என்பதால், முகம் திருப்பி ஒதுங்கினேன். தகப்பனாரும் தாயாரும் முன்னால் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

அதற்குள் செல்வி மறுபடியும் அழைத்திருந்தாள். தாயார் போனை இரண்டு கையாலும் ஏந்தி, தாம் பின்னால் நின்று, அதை முருகனுக்கு நேராக நீட்டினார். திரையில், ஓடும் வண்டியில், ஒரு கையில் போனும் மறு கையில் கம்பியுமாக, கை கூப்ப வழியில்லாமல் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.